ஊர்த் திடலில் 1775: மாசசூசெட்ஸில் ஒருநாள் வரலாற்று நிகழ்ச்சிக்கு என்னென்ன வேண்டும்?

திடல்வாசி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கம் அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 4 வரை, 1775-ஆம் ஆண்டைக் கண்முன் நிறுத்தும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தப் போகிறது. கையில் இருப்பவை: ஊர்ப் பொதுத் திடல், பெரிய திறந்த அடுப்பும் பக்கச்சுவரில் செங்கல் ரொட்டி அடுப்பும் உள்ள 18-ஆம் நூற்றாண்டு வீடு, இருபது தன்னார்வலர்கள். பக்கத்து ஊர் மிலிஷியா (ஊராரே ஆயுதமேந்தித் திரண்ட குடிமக்கள் படை) மறுநடிப்புக் குழுவும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் நிறைய வருவார்கள். விளக்க அட்டைகளைத் தமிழிலும் வைக்கிறோம்.

குழுவில் பாதிப் பேருக்கு, 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையோடு முதல் மோதல் நடந்த லெக்சிங்டனில் செய்வது போலச் சண்டைக் காட்சி வேண்டும். மீதிப் பேர் சமையல், நூற்பு, மெழுகுவர்த்தி போதும் என்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? செய்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

ஊர்க்கூட்டம்:

முதலில் நாளைக் குறியுங்கள். "காலனி காலம்" என்று பொதுவாக வைத்தால் 1620-இன் தொப்பியும் 1779-இன் அணிவகுப்பும் ஒரே கூடாரத்தில் வந்து நிற்கும். 1775 ஏப்ரல் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். பதின்மூன்று நட்சத்திரக் கொடி வேண்டாம், அது 1777 ஜூன் 14-இல் வந்தது. அமெரிக்கப் படைக்குப் பயிற்சி தந்த பிரஷ்ய அதிகாரி ஸ்டூபனின் பயிற்சி முறை வேண்டாம், அவர் வேலி ஃபோர்ஜ் படைமுகாமுக்கு வந்தது 1778, அவருடைய கையேடு அச்சானது 1779. ஆளுநரை மீறி ஊர்களின் பிரதிநிதிகள் கூடிய மாசசூசெட்ஸ் மாகாணக் காங்கிரஸ் 1774 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது பிரிட்டிஷ் அரசின் 1764 துப்பாக்கிப் பயிற்சியைத்தான். வருகிற மிலிஷியா குழுவிடம் "1764 தெரியுமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில குழுக்கள் எந்த ஆண்டு நிகழ்ச்சிக்குப் போனாலும் ஸ்டூபனையே செய்வார்கள். நீலச் சீருடையும் வேண்டாம். அந்த ஏப்ரலில் வந்தவர்கள் வயலுக்கும் பட்டறைக்கும் போகிற உடையில்தான் வந்தார்கள்.

சண்டைக் காட்சிக்கு என் ஓட்டு இல்லை. எதிரெதிர் வரிசையில் நின்று சுடுவது, விழுவது, கைகலப்பு எல்லாவற்றையும் தேசியப் பூங்காத் துறை தன் இடங்களில் அடியோடு தடைசெய்திருக்கிறது. அதே நாள் மோதல் நடந்த, இப்போது அந்தத் துறையின் கையிலுள்ள கான்கார்டின் வடபாலத்தில் அணிவகுப்பும் மரியாதை வேட்டும் பார்க்கலாம், போலிச் சண்டை பார்க்க முடியாது. லெக்சிங்டனில் அது நடக்கிறதென்றால், திடல் ஊராருக்குச் சொந்தம். எட்டுப் பேர் செத்த அதே புல்வெளி அது. பல மாத ஒத்திகையோடு, பொழுது விடிகிற நேரத்தில் நடக்கிறது. உங்களுக்கு இடமும் அதுவல்ல, ஒத்திகைக்குக் காலமும் இல்லை. பத்துப் பேர் எதிரில் பத்துப் பேர் நின்று சுட்டால், பிள்ளைகள் மனதில் சத்தம் மட்டும்தான் தங்கும்.

பறைகுழல்:

இதை ஏற்க முடியவில்லை. கூட்டம் திடலுக்கு வருவதே முரசும் வேட்டும் கேட்கத்தான். வந்தவர்கள்தான் பிறகு அடுப்பங்கரைக்கும் போவார்கள். சண்டை வேண்டாம் என்றால் சரி, வேட்டுச் சுடுவதையே ஒதுக்கிவிடாதீர்கள்.

ஊர்க்கூட்டம்:

ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே வரிசை, ஒரே திசை, ஆளில்லாத பக்கம் பார்த்துச் சுடட்டும். காலை 11.30-க்கு ஒன்று, பிற்பகல் 2.30-க்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

கருமருந்து:

வேட்டு விவகாரத்தை நான் எழுதுகிறேன். இதில் பொதுவான அறிவுரை பயன்படாது.

துப்பாக்கி: சக்கிமுக்கி இயக்கம் உள்ள 'பிரவுன் பெஸ்' வகை. குழல் விட்டம் 0.75 அங்குலம். குண்டு 0.69 அங்குலம், உங்கள் திடலில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அணி திடலில் இறங்குமுன் சார்ஜென்ட் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். குழலில் கம்பியை விட்டு, அடியைத் தொட்டு 'டங்' என்று ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

மருந்து: வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதக் கருமருந்து. மணியின் அளவு 'இரண்டு எஃப்' (FFg) என்னும் தரம். வெற்று வேட்டுக்கு 100 கிரெய்ன் சுமார், அதாவது ஆறரை கிராம், தாராளம். வருகிற குழுவின் விதிப்புத்தகத்தில் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டுவதில் ஒரு பயனும் இல்லை, புகைதான் கூடும்.

செய்முறை: தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, சிட்டிகை மருந்தைக் குழலின் பக்கவாட்டிலுள்ள பற்றுமருந்துக் கிண்ணியில் இட்டு மூடி, மீதியைக் குழலில் கொட்டுவது. காகிதம் உள்ளே போகக் கூடாது, போனால் எரிந்துகொண்டே வெளியே பறக்கும். திணிகம்பியை உருவவே கூடாது. அவசரத்தில் கம்பியைக் குழலிலேயே மறந்துவிட்டுச் சுட்டால் அது ஈட்டியாகப் போகும். 1764 முறையில் திணிக்கும் கட்டளை உண்டு. அதை மருந்தில்லாத செய்கைப் பயிற்சியாகத் தனியே காட்டுங்கள், நேயர்களுக்கு அதுதான் நன்றாகவும் புரியும்.

வெடிக்காமல் போவதற்கு மூன்று காரணம். கல்லின் முனை மழுங்கியிருக்கும், அல்லது அது மோதிப் பொறி பறக்கும் எஃகுத் தகட்டுக்கு இணையாக இல்லாமல் கோணி நிற்கும். தாடையில் கல்லைத் தோலோ ஈயத் தகடோ சுற்றி இறுக்கியிருக்க வேண்டும், வெறுமனே பிடித்தால் நழுவும். இரண்டாவது, கிண்ணித் தீ குழலுக்குள் போகும் தீத்துளை அடைத்திருக்கும். ஒவ்வொருவர் கழுத்திலும் துளைக்குத்தும் ஊசியும் சிறு தூரிகையும் தொங்க வேண்டும். மூன்றாவது ஈரம். சுட்டபின் படிகிற கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நாலைந்து வேட்டுக்குள் கிண்ணி சேறாகிவிடும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

வெடிக்காவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தாமல், திருப்பாமல், அதே திசையில் குறைந்தது பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். தாமதமாகவும் வெடிக்கும். பிறகு துளை குத்தி, மறுபடி கிண்ணி நிரப்பலாம். மூன்றாம் முறையும் இல்லை என்றால் ஆள் வரிசையிலிருந்து பின்வாங்கி, குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கரைத்துக் கழுவ வேண்டும்.

எஃகுத் தகட்டுக்குத் தோலுறை, கிண்ணிப் பக்கம் தீக்காப்பு, இரண்டும் இல்லாத துப்பாக்கியை வரிசையில் சேர்க்காதீர்கள். தீக்காப்பு இல்லாவிட்டால் அடுத்தவர் காதும் கன்னமும்தான் பொசுங்கும். நேயர்களுக்குக் கயிறு கட்டுங்கள். தூரத்தைத் தீயணைப்புத் துறையோடு பேசி முடிவு செய்யுங்கள், 15 மீட்டருக்குக் குறைத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக முரசடித்து அறிவித்தால் தள்ளிப் போய்விடுவார்கள்.

மாலையே வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். ஓர் இரவு விட்டாலும் துரு பிடிக்கும்.

திடல்வாசி:

மிக்க நன்றி. வீட்டின் அடுப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பல வருடமாகத் தீ மூட்டப்படாத அடுப்பு.

விறகடுப்பு:

அப்படியானால் முதல் வேலை புகைபோக்கியைத் தகுதியுள்ள ஆளைக் கொண்டு பார்ப்பது, துடைப்பது. பழைய சாந்து உதிர்ந்து, செங்கல் இடுக்கு வழியே மச்சு உத்தரத்துக்குத் தீ போன வீடுகள் உண்டு. சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் மேலே போக வேண்டும்.

அடுத்தது ஈரம். வருடக்கணக்கில் சும்மா இருந்த செங்கல் தண்ணீர் குடித்திருக்கும். ஒரேயடியாகச் சூடேற்றினால் முகம் பெயர்ந்து விழும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் முழுக்க நாளுக்கு ஒரு சின்னத் தீ, மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள்.

விறகு: ஓக், மேப்பிள், ஹிக்கரி. ஒரு வருடமாவது உலர்ந்தது. பைன் சடசடவென்று எரிந்து சாம்பலாகும், கங்கு நிற்காது, பொறியும் பறக்கும். இந்தச் சமையல் தீயில் நடப்பதில்லை, கங்கில்தான் நடக்கிறது. அடுப்பின் ஒரு பக்கம் தீ எரிந்துகொண்டே இருக்க, அதிலிருந்து கங்கை மண்வெட்டியால் அள்ளித் தளத்தில் சின்னச் சின்னக் குவியலாக வைத்து, ஒவ்வொரு குவியல் மேலும் முக்காலிச் சட்டியோ இரும்புப் பானையோ வைப்பார்கள். ஒரே அடுப்பில் நாலைந்து வெப்பம் கிடைக்கும்.

ரொட்டி அடுப்பு: உள்ளே இரண்டரை, மூன்று மணி நேரம் தீ எரிய வேண்டும். முதலில் உள்கூரை கரிபிடித்துக் கறுக்கும். வெப்பம் ஏற ஏற அந்தக் கரியே எரிந்து செங்கல் மறுபடி வெளுக்கும். அதுதான் அடையாளம். பிறகு கங்கை முழுக்க வெளியே இழுத்து, ஈரத் துணித் துடைப்பத்தால் தளத்தைத் துடைத்து, கதவைச் சாத்தி இருபது நிமிடம் விடுங்கள், வெப்பம் பரவட்டும். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். உடனே கறுத்தால் மிகைச் சூடு. பதினைந்து, இருபது நொடியில் பொன்னிறமானால் ரொட்டியை வைக்கலாம். ஒரு நிமிடம் வெள்ளையாகவே கிடந்தால் மறுபடி தீதான். முதலில் ரொட்டி, அது எடுத்தபின் பை, கடைசியில் முட்டைப்பால் வகைகள். வெப்பம் இறங்கும் வரிசையிலேயே பண்டங்களும் இறங்கும். 12 மணிக்கு ரொட்டி எடுக்க வேண்டுமென்றால் ஏழரைக்கே தீ மூட்டியாக வேண்டும்.

என்ன ரொட்டி? கோதுமை மட்டும் போட்ட வெள்ளை ரொட்டி வேண்டாம். நியூ இங்கிலாந்தில் கோதுமைப் பயிரைத் துருநோய் அழித்ததால் சாதாரண வீடுகளில் ரை என்னும் தானியம், மக்காச்சோளம், கொஞ்சம் கோதுமை மூன்றையும் சமபங்கு கலந்து சுட்டார்கள். இரண்டு ரொட்டிக்கு அளவு:

மக்காச்சோள மாவு 300 கிராம், ரை மாவு 300, கோதுமை மாவு 300, கொதிநீர் 450 மில்லி, வெதுவெதுப்பான நீர் 200 மில்லி, மொலாசஸ் பாகு 3 மேசைக்கரண்டி, உப்பு 15 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம் (அன்று பீர் நுரையில் எடுத்த ஈஸ்ட்).

சோளமாவின் மேல் கொதிநீரை ஊற்றிக் கிளறி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஆறுமுன் ஈஸ்ட்டைக் கலந்தால் அது செத்துவிடும், ரொட்டி கல்லாகும். கொதிநீரே விடாவிட்டால் சோளம் நறநறவென்று இருக்கும். நன்றாகச் செய்தாலும் இது பெரிதாக உப்பாது, சோளத்தில் பசைத்தன்மை இல்லை. அடர்த்தியாக, ஈரமாக இருப்பதுதான் பதம். ஒரு மணி நேரம் ஆகும்.

மக்களுக்குச் சுவைக்கக் கொடுக்கப் போகிறீர்களா? ஊர்ச் சுகாதார வாரியத்தின் தற்காலிக உணவு அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் சமைத்துக் காட்டுவதோடு நிறுத்துங்கள். இறைச்சிக் குழம்பு வைத்தால் 57 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். தொங்கவிட்ட பானையின் ஓரத்தில் கொதிக்கும், மேற்பரப்பு ஆறிக் கிடக்கும், ஆகவே வெப்பமானியை நடுவில் விட்டுப் பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் வருவதால் ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: துப்பட்டா, முந்தானை, பாலியெஸ்டர் பட்டுப்பாவாடை. திறந்த அடுப்பின் முன் இவைதான் பெரிய ஆபத்து. அடுப்பிலிருந்து இரண்டு மீட்டரில் கயிறு கட்டி, அங்கே தமிழிலும் எழுதி வையுங்கள். சமைப்பவர்கள் கம்பளிப் பாவாடையும் லினன் மேலங்கியும் போட வேண்டும். கம்பளியில் பொறி விழுந்தால் கருகி அணைந்துவிடும். பருத்தி பற்றும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

சாம்பலை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் கொட்டி, வீட்டை விட்டுத் தள்ளி வெளியே வையுங்கள். உள்ளே கங்கு நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் வாளியோ கூடாது.

திடல்வாசி:

தேநீர் கடை ஒன்று வைக்கலாம் என்று ஓர் அம்மா கேட்கிறார். பாஸ்டன் தேநீர் விருந்தை நினைவுபடுத்துமாம்.

ஊர்க்கூட்டம்:

1775 ஏப்ரலில் தேநீர் கூடாது! காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய கண்டக் காங்கிரஸின் ஒப்பந்தப்படி 1774 டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் இறக்குமதி நின்றது, 1775 மார்ச் 1 முதல் கிழக்கிந்தியத் தேயிலை எதையும் வாங்கவும் குடிக்கவும் கூடாது. தேநீர் ஊற்றுகிற வீட்டை ஊர்க் குழு விசாரிக்கும். அதற்குப் பதில் ராஸ்பெர்ரி இலைக் கஷாயமும் காப்பியும் வையுங்கள், பக்கத்தில் காலியான தேயிலைப் பெட்டி ஒன்றைத் திறந்து வையுங்கள். ஏன் காலி என்று கேட்காமல் எந்தப் பிள்ளையும் போகாது.

விளக்க அட்டையில் இதையும் போடுங்கள்: 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டிய 340-க்கு மேற்பட்ட பெட்டிகளில் இருந்தது சீனத் தேயிலை. நீலகிரியிலும் அசாமிலும் தேயிலைத் தோட்டம் வந்தது அடுத்த நூற்றாண்டில். நம் பிள்ளைகள் இந்தியத் தேயிலை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

சாயவேர்:

தேயிலையில் நம் கரைக்கு இடமில்லை, துணியில் உண்டு. இதை விட்டுவிடாதீர்கள்.

உள்நாட்டு நெசவைக் காக்க இங்கிலாந்து 1700-இல் இந்தியாவின் அச்சு, ஓவியத் துணிகளை உள்ளூர்ப் பயன்பாட்டுக்குத் தடுத்தது, 1721-இல் உடுத்துவதையும் தடுத்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் வழி விட்டது. ஆகவே சோழமண்டலக் கரையின் சிண்ட்ஸ் என்னும் பூ வேலைப்பாட்டுப் பருத்தித் துணிகள் லண்டன் கிடங்கைத் தொட்டு அமெரிக்கக் காலனிகளுக்குப் போயின. வசதியான வீட்டில் கட்டில் விரிப்பாகப் 'பாலம்போர்' என்னும் பெரிய மரம் வரைந்த துணி தொங்கியது. பழவேற்காட்டுக் கட்டமிட்ட கைக்குட்டைகளும் அட்லாண்டிக் கடந்தன.

காட்ட எளிதான செயல்முறையும் இதில் இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் சாயம் கோட்டைத் தாண்டி ஊறும். இரும்புத்துருவும் வெல்லமும் புளித்த கரைசலால் கறுப்புக் கோடு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம், பிறகு சாயவேரில் கொதி. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும், மற்ற இடம் வெயிலில் வெளுக்க வெளுத்துவிடும். நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். ஐந்து சதுரத் துண்டுகளில் ஐந்து நிலைகளைத் தைத்து வைத்தால் ஒரு மேசைக்குப் போதும்.

கடையில் வாங்கும்போது வெள்ளைப் பின்னணி, கொடி, பூ உள்ளதைத் தேடுங்கள். யானையும் புத்தரும் போட்ட திரை அச்சு வேண்டாம். 'மெட்ராஸ்' கட்டம் போட்ட அரைக்கால் சட்டைகள் 20-ஆம் நூற்றாண்டு, அவற்றையும் கொண்டுவராதீர்கள்.

இன்னொரு அட்டை: எலைஹு யேல். 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் தலைவர். 1718-இல் கனெக்டிகட் கல்லூரிக்கு அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது, கல்லூரி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

ஆளிநார்:

துணி என்று வந்தபின், ஆளிச்செடியின் நாரில் நெய்யும் லினனைச் சொல்லாமல் விட முடியாது. இறக்குமதி நின்ற ஊரில் உடுக்க வேண்டுமே. 1760-களின் கடைசியில் நியூ இங்கிலாந்துப் பெண்கள் பாதிரியார் வீட்டு முற்றத்தில் கூடி நூற்ற நிகழ்ச்சிகள் பத்திரிகையில் வந்தன. உங்கள் திடலில் நடத்த இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அழுகவைத்து உலர்த்திய ஆளித் தண்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விதைப்பிலிருந்து செய்தால் நூறு நாள், அதற்குமேல் பனியில் அழுகவைக்கச் சில வாரம். அன்று காட்ட வேண்டியது மூன்று நிலை. மரத்தாடையில் வைத்து நொறுக்குவது: உள்தண்டு சக்கையாக உடையும், நார் உடையாது. மரக்கத்தியால் தட்டிச் சக்கையை உதிர்ப்பது. இரும்பு முள்பலகையில் சீவுவது: முதலில் அகலப் பற்கள், பிறகு நெருக்கமானவை. ஒரு கிலோ தண்டுக்கு நீள நார் நூறு கிராம் சுமார் மிஞ்சும். சீவலில் விழுகிற குட்டை நாரை எறியாதீர்கள், சாக்குக்கும் கயிற்றுக்கும் அதுதான், பிள்ளைகள் கையால் முறுக்கிக் கயிறு செய்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

முள்பலகை கத்தியைவிட மோசம். சீவாத நேரத்தில் மரமூடி போட்டிருக்க வேண்டும், சிறுவர் கை எட்டுகிற உயரத்தில் கூடாது.

நூற்பவர் விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உலர்விரலில் லினன் நூல் மயிர்விட்டு நிற்கும். கால்மிதிச் சக்கரம் ஆளிக்கு, நின்று நடந்து நூற்கும் பெரிய சக்கரம் கம்பளிக்கு. இரண்டையும் மாற்றி வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

தன்னார்வலர் உடை: ஆண்களுக்கு லினன் சட்டை, ஆளுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் துணி. முழுதும் செவ்வகமும் சதுரமும்தான், வளைவெட்டே இல்லை, துணி வீணாகாது. வெட்டுமுன் வெந்நீரில் துவைத்துச் சுருக்குங்கள். அக்குளில் 15 சென்டிமீட்டர் சதுரத் துண்டு வைக்காமல் தைத்தால், கையைத் தூக்கிய முதல் தடவையே கிழியும். பெண்களுக்கு உள்சட்டை, பாவாடை, தளர்ந்த மேல்சட்டை, கழுத்துத்துணி, மேலங்கி, தொப்பி. ரப்பர் பட்டி வைத்த உருண்டைத் தொப்பி வாங்கவே வாங்காதீர்கள்.

மாசிக்காய்:

எழுத்து மேசை ஒன்று வையுங்கள், செலவு குறைவு. மை: மாசிக்காய் 40 கிராம் உடைத்து 400 மில்லி மழைநீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதி (இரும்பு சல்பேட்) 20 கிராம், கருவேலம் பிசின் 10 கிராம் கரைப்பது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டு மறுநாள் கறுக்கும். அன்னபேதி கூடினால் எழுத்து பழுப்பாகும், காலப்போக்கில் தாளையும் தின்னும். துணியில் பட்டால் போகாது, ஆகவே பிள்ளைகளுக்கு வால்நட் ஓட்டு மை கொடுத்து, இதைப் பெரியவர் மட்டும் எழுதிக் காட்டட்டும். வாத்து இறகைச் சூடான மணலில் செருகிப் பதப்படுத்தாவிட்டால் கூர் நிற்காது.

பறைகுழல்:

மெழுகுவர்த்தி முக்குவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், யாரும் சொல்லவில்லையே.

விறகடுப்பு:

சொல்லிவிடுகிறேன். அன்று சாதாரண வீட்டில் எரிந்தது மாட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தி. ஒன்றை மட்டும் ஏற்றி அந்த நாற்றத்தையும் மங்கலையும் காட்டுங்கள், பிள்ளைகளுக்குத் தேன்மெழுகு கொடுங்கள். 30 சென்டிமீட்டர் உயரமான குறுகிய தகரக் குவளை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள். மெழுகு 70 முதல் 75 டிகிரி. அதற்குமேல் போனால் முன்பு படிந்ததும் கரைந்து திரி மெலியும், கீழே போனால் கட்டிகட்டியாக ஏறும். திரி நுனியில் சிறு இரும்புத்திருகு கட்டினால் நேராக இறங்கும். பிள்ளைகள் வட்டமாக நடந்து வரட்டும், ஒரு சுற்று முடிவதற்குள் படிந்தது இறுகும். இருபத்தைந்து முக்குக்கு மேல் வேண்டும். குவளையில் மட்டம் குறைந்தால் வெந்நீர் ஊற்றினால் மெழுகு மேலே மிதக்கும். தீப்பிடித்தால் மூடி போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஊர்க்கூட்டம்:

இதுவரை பேசியதில் ஆட்களைப் பற்றிப் பேச்சே வரவில்லை. 1775-இல் உங்கள் ஊரில் அடிமைகள் இருந்தார்கள். மாசசூசெட்ஸில் அடிமை முறை நீதிமன்றத்தில் முறிந்தது 1780-களின் தொடக்கத்தில்தான். லெக்சிங்டன் வரிசையில் நின்று காயம்பட்ட பிரின்ஸ் எஸ்டபுரூக் ஓர் அடிமை. அந்த ரொட்டியில் ஊற்றிய மொலாசஸ் கரீபியன் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பு. 1771 வரி மதிப்பீட்டுப் பட்டியலில் "ஆயுள்கால வேலையாட்கள்" என்று ஒரு பத்தி உண்டு. உங்கள் ஊர்ப் பக்கத்தை எடுத்து யார் வீட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள். பெயர்கள் வேண்டுமென்றால் உயில் சொத்துப் பட்டியலிலும் தேவாலய ஞானஸ்நானப் பதிவிலும் தேடுங்கள். கிடைத்த பெயர்களை வீட்டு வாசலிலேயே வையுங்கள், பின்கட்டில் அல்ல.

இதை நடித்துக் காட்ட முயலாதீர்கள். 1994 அக்டோபரில் வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்னும் வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் அடிமை ஏலத்தை நடித்தபோது எதிர்ப்பு பெரிதாக எழுந்தது, அதுவும் ஆப்பிரிக்க அமெரிக்க விளக்குநர்கள் பல ஆண்டு அனுபவத்தோடு தாங்களே திட்டமிட்டு நடத்திய காட்சி. ஒருநாள் நிகழ்ச்சிக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அதேபோல நிப்மக், மாசசூசெட், வாம்பனோக் என்னும் இந்த மண்ணின் பழங்குடி மக்களைப் பற்றிச் சொல்ல அந்த மக்களிலிருந்தே ஒருவரை ஊதியம் கொடுத்து அழையுங்கள். பிளிமத் பட்டுக்ஸெட் அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயர் கிராமத்தில் 1620-களின் ஆட்களாகவே பேசுவார்கள். வாம்பனோக் பகுதியிலோ பழங்குடியினர் இன்றைய மனிதராகவே நின்று பேசுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இறகுத் தொப்பி மாட்டிப் படம் எடுப்பதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

உங்கள் தன்னார்வலர்களும் நடிக்க வேண்டாம், உடை மட்டும் போட்டு இன்றைய ஆளாகப் பேசட்டும். பாத்திரமாகப் பேச மாதக்கணக்கில் படிக்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் நடிப்பு சரிவரும்: ஊர்க்கூட்டம். 1774-இல் பாராளுமன்றம் கொண்டுவந்த மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டப்படி, ஆளுநர் அனுமதியில்லாமல் ஆண்டுத் தேர்தல் கூட்டங்களைத் தவிர வேறு கூட்டம் கூட்டுவதே சட்டவிரோதம். தீர்மானம்: ஊர் வரிப்பணத்தை அரசாங்கப் பொருளாளர் ஹாரிசன் கிரேயிடம் கட்டுவதா, மாகாணக் காங்கிரஸ் நியமித்த ஹென்றி கார்டனரிடம் கட்டுவதா? உண்மையில் ஊர்கள் விவாதித்த கேள்வி இது. மிதமானவர், கடைக்காரர், கடனில் உள்ள விவசாயி, ஆளுநர் பக்கத்தவர், மிலிஷியா கேப்டன் என ஐந்து அட்டைகளைப் பார்வையாளரிடம் கொடுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். நுழையும்போது எல்லோருக்கும் வண்ணச் சீட்டு. முதல் வாக்கெடுப்பில் நீலச் சீட்டுக்காரர் மட்டும் கை தூக்கலாம், அவர்கள்தான் சொத்துள்ள ஆண்கள். பிறகு எல்லோரும். இரண்டு எண்ணிக்கையையும் பலகையில் எழுதுங்கள். 35 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பறைகுழல்:

இதற்கு முன்னால் முரசு அடித்துக் கூட்டத்தை அழைக்கலாம். சண்டைக் காட்சி வேண்டாம் என்பதை இப்போது ஏற்கிறேன். பிற்பகல் வேட்டு முடிந்ததும் முரசோடு ஊர்வலமாகக் கூட்ட மண்டபத்துக்குப் போனால் ஆட்கள் கலைய மாட்டார்கள்.

திடல்வாசி:

அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒன்று: ஏப்ரலில் மழைக்கு வாய்ப்பு அதிகம். மழை வந்தால் எதை நிறுத்துவது?

கருமருந்து:

வேட்டுச் சுடுவதை. தூறலில்கூட கிண்ணி நனையும். 1764 பயிற்சியை மருந்தில்லாமல் கட்டளையோடு செய்து காட்டலாம், ஈரப்புல்லில் சறுக்கும் என்பதால் ஓட்டமும் துப்பாக்கி முனை ஈட்டியும் வேண்டாம்.

விறகடுப்பு:

அடுப்பு நடக்கும். ஈரக் காற்றில் புகைபோக்கி முதலில் இழுக்காது, அறைக்குள் புகையும். காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகைவாயில் உயர்த்திப் பிடித்துச் சூடாக்கியபின் அடுப்பை மூட்டுங்கள். கூட்டம் முழுக்க வீட்டுக்குள் வரும், ஆகவே கயிற்றருகே ஓர் ஆளை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் விட வேண்டாம்.

ஆளிநார்:

தண்டு நனைந்தால் அன்றைக்கு நொறுக்க முடியாது. ஈரச் சக்கை உடையாமல் வளையும், நாரோடு ஒட்டிக்கொண்டு வரும். முந்தைய இரவே அடுப்பறையில் கட்டித் தொங்கவிடுங்கள், தீயிலிருந்து நல்ல தூரத்தில். நொறுக்கும் தாடையைத் தாழ்வாரத்துக்கு மாற்ற நாலு பேர் வேண்டும், ஓக் மரம், கனக்கும்.